கோட்டில்லாத ரைட் அவுட்

நியூசிலாந்தின் ஓக்லண்டில் ஊர்க் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர்கள் மொத்தம் பதினொரு பேர்தான். ஒரு உதைபந்தாட்ட அணிக்குச் சரியான தொகை. அந்தப் பதினொரு பேரில் ஒருவருக்கும் இப்போது மூச்சு வாங்காமல் ஒரு தெருக்கூட ஓட முடியாது என்பது வேறு விஷயம். ஆனாலும் சங்கம் இருந்தது, தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், கடிதத் தலைப்பும் அச்சடித்திருந்தார்கள். 1987 ஆனி மாதக் கடைசி ஞாயிறு மத்தியானம், மாசி என்ற புறநகரில் இருந்த தலைவர் சபாரத்தினத்தின் வீட்டில், கல்லூரி வரலாற்றிலேயே மிகச் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரன் யார் என்று முடிவு கட்டுவதற்காகக் கூடியிருந்தார்கள்.

கல்லூரிக்கு நூறு வயது. அதற்கு ஒரு மலர். ஊரில் செல் குண்டு விழுந்துகொண்டிருந்த நாளிலும் மலர்க்குழு கூடி, வெளிநாட்டுக் கிளைகளுக்கெல்லாம் கடிதம் எழுதியிருந்தது. ஒவ்வொரு கிளையும் ஐந்து பெயர்கள் அனுப்பவேண்டும். கூடவே கிளை உறுப்பினர்கள் கல்லூரிக் கோட்டு அணிந்து எடுத்த படம் ஒன்றும் அனுப்பவேண்டும். கோட்டு என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள்.

அதனால் அன்றைக்குப் பத்துப் பேர் கடும்நீலக் கோட்டோடு வந்திருந்தார்கள். நகரத்தில் ஒரு தையற்காரனைப் பிடித்து, நெஞ்சுப் பையில் கல்லூரிச் சின்னமும் பொருத்தித் தைப்பித்த புதுக் கோட்டுகள். பதினோராவது ஆள் எட்வேட். பாபகூராவில் கதவு யன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. செயலாளர் விநாயகமூர்த்தி மூன்று தரம் போன் எடுத்துக் கேட்டும், "எனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, மனைவி பின்னிக் கொடுத்த மண்ணிற ஸ்வெட்டரோடு வந்திருந்தான்.

அந்த மனைவி புஷ்பமலர் மூலையில் உட்கார்ந்து கமெராவுக்குப் பிலிம் போட்டுக்கொண்டிருந்தாள். கமெரா அவளுடையது, படம் எடுப்பதும் அவள்தான். அந்தக் கூட்டத்தில் தலையை வெட்டாமல் படம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள் என்பதைச் சங்கமே ஏற்றுக்கொண்டிருந்தது.

விவாதம் கட்லட்டோடு தொடங்கியது. நியூசிலாந்து றக்பி உலகக் கிண்ணத்தை வென்று எட்டு நாள்தான் ஆகியிருந்தது. நாடு முழுக்க அதே கதை. ஆனால் இந்த வீட்டுக்குள் அந்த முட்டைப் பந்துக்கு மரியாதை இல்லை.

"நாற்பத்தொன்பதாம் ஆண்டுக் குலசிங்கத்தை விட ஆரும் இல்லை" என்றார் ஒருவர்.

"குலசிங்கத்தை நீங்கள் பாத்தனீங்களோ?"

"அப்பா சொல்லுவார்."

"அப்பா சொன்னதெல்லாம் கணக்கிலை இல்லை" என்று அடித்துப் பேசினான் குணரத்தினம். அவன் கூட்டத்தில் இளையவன், குரலில் மூத்தவன். "அறுபத்திநாலு ஜெயரட்ணம். சென்ரர் போவேட். ஒரு சீசனிலை இருபத்தாறு கோல். நான் எல்லைக் கோட்டிலை நிண்டு என்ரை கண்ணாலை பாத்தனான். அவனுக்குக் கிட்ட வர ஒருத்தன் இருந்தால் சொல்லுங்கோ, நான் இந்தக் கோட்டைக் கழட்டி வைக்கிறன்."

விநாயகமூர்த்தி கணக்காளர். ஆதாரம் இல்லாமல் வாய் திறக்கமாட்டார். கல்லூரியிலிருந்து தபாலில் வந்த படத்தை மேசையில் வைத்தார். "ஐம்பத்தேழு. சம்பியன் ரீம். அந்த வருசத்துக் கல்லூரி மலரிலை என்ன போட்டிருக்கு? 'இறுதி ஆட்டத்தில் ரைட் அவுட் ஆட்டக்காரர் கோர்னரிலிருந்து நேரே அடித்த கோலே வெற்றியைத் தந்தது.' கோர்னரிலை இருந்து நேரே! வேறை ஒருத்தரிலையும் படாமல் கோலுக்குள்ளை! இந்தப் படத்திலை வலது ஓரத்து முன்வரிசை ஆள், ரைட் அவுட், ஆர்? எங்கடை தலைவர். நாங்கள் வேறை இடத்திலை தேடத் தேவையில்லை."

கைதட்டினார்கள். தலைவர் சபாரத்தினம் சிரித்து, கையை அசைத்து, "பழசைக் கிண்டாதேங்கோ" என்றார். முப்பது வருடமாக அவர் சொல்லிவந்த ஒரே பதில் அதுதான். ஒருநாளும் நான் அடித்தேன் என்று சொன்னதில்லை. ஒருநாளும் நான் அடிக்கவில்லை என்றும் சொன்னதில்லை. எவ்வளவு வசதியான அடக்கம்!

படம் கைக்குக் கை மாறி எட்வேட்டிடம் வந்தது. அவனுக்கு அதைப் பார்க்கத் தேவையே இல்லை. அந்தப் படம் எடுக்கும்போது அவன் படக்காரனுக்குப் பின்னால் நின்றவன்.

அந்த வருடம் பதினொரு ஆட்டத்திலும் ரைட் அவுட் விளையாடியவன் எட்வேட். பாசையூரிலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்து, வெறுங்காலோடு விளையாடி, வெறுங்காலோடு திரும்பிப் போனவன். பத்தொன்பது கோல். படம் எடுக்கும் நாளில் விளையாட்டு வாத்தியார் ஒரு விதி சொன்னார்: கோட்டு இல்லாதவன் படத்துக்குக் கதிரையில் இருக்கவும் முடியாது, பின்னால் நிற்கவும் முடியாது. அந்தக் கல்லூரியில் அது எப்போதும் உள்ள வழக்கம்தான். மீன் பிடிக்கிற தகப்பனின் வீட்டில் கோட்டுக்கு எங்கே போவது? சபாரத்தினம் அப்போது மேலதிக ஆள். ஒரு ஆட்டத்திலும் இறங்காமல் வாங்குப் பலகையில் இருந்தவன். ஆனால் புதுக் கோட்டு வைத்திருந்தான். எட்வேட் அவனிடம் போய், "பத்து நிமிசத்துக்குத் தாரும், படம் எடுத்த கையோடை தாறன்" என்று கேட்டான்.

சபாரத்தினம் வாத்தியாரைப் பார்த்தான். வாத்தியார், "கழட்டாதை. நீயே போய் இரு" என்றார். அவன் போய் இருந்தான். அவ்வளவுதான். படத்துக்குக் கீழே பெயர் எழுதினவன் ரைட் அவுட்டுக்குரிய கதிரையில் இருந்தவனின் பெயரை எழுதினான். மலர் எழுதினவன் பெயர் போடாமல் ரைட் அவுட் என்று மட்டும் எழுதினான். பிறகு வந்தவர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொண்டார்கள். படத்தின் நடுவில், புல்லில், வெள்ளைச் சோக்கால் 1957 என்று எழுதிய ஒரு பந்து இருக்கிறது. அதைக் கொண்டுபோய் அங்கே வைத்தது எட்வேட். வைத்துவிட்டு, படத்துக்குள் தன் நிழலும் விழாதபடி ஒதுங்கிப் போனான்.

இத்தனை நாள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கலாம். புஷ்பமலரும் அதைத்தான் கேட்டுக்கொண்டே இருந்தாள். எண்பத்துநாலில் எட்வேட் குடும்பம் இரண்டு சூட்கேசோடு வந்து இறங்கியபோது, பாபகூராவில் வாடகை வீட்டுக்குப் பொறுப்புக் கையெழுத்து வைத்தது சபாரத்தினம். அந்தக் கையெழுத்து எட்வேட்டின் தொண்டையில் மூன்று வருடமாக முள்ளாகக் கிடந்தது.

"அப்ப முதலாவது பேர் தலைவர்" என்று பேனையைத் திறந்தார் விநாயகமூர்த்தி.

குணரத்தினம் விடவில்லை. "பொறுங்கோ. என்ரை ஜெயரட்ணத்தைப் பின்னுக்குத் தள்ளுறதெண்டால் எனக்கு விபரம் வேணும். அண்ணை, அந்தக் கோலை எப்பிடி அடிச்சனீங்கள்? ஒருக்கால் சொல்லுங்கோ."

பத்துப் பேரும் கட்லட்டை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பழசைக் கிண்டவேண்டாம் என்று சொல்லித் தப்ப இடமில்லை. சபாரத்தினம் தொண்டையைச் செருமினார். ஒரு நொடி எட்வேட்டைப் பார்த்தார். பிறகு யன்னல் பக்கம் பார்த்தார்.

"நல்ல மழை. வலது பக்கக் கோர்னர். கொடியடியிலை பந்தை வைச்சு... அப்பிடியே ஒரு அடி. வளைஞ்சு உள்ளை போச்சுது."

அதுதான் முதல் தரம். முப்பது வருடத்தில் முதல் தரம் அவர் பொய்யை வாயால் சொன்னார். அவர் சும்மா இருந்து அனுபவித்ததை எட்வேட் பொறுத்திருந்தான். அந்த மழையையும் அந்தக் கொடியையும் எடுத்துத் தன்னுடையதாக்கிச் சொல்லும்போது அவனால் பொறுக்க முடியவில்லை. கட்லட் தட்டைக் கதிரைக்குக் கீழே வைத்தான்.

"எந்தக் காலாலை அடிச்சனீர், சபாரத்தினம்?"

அந்த 'நீர்' எல்லோருக்கும் கேட்டது. அந்த வீட்டில் தலைவரை யாரும் அப்படிக் கதைப்பதில்லை.

"வலது காலாலைதான். வேறை எந்தக் காலாலை?"

குணரத்தினத்தின் நெற்றி சுருங்கியது. அவனுக்கு வேறு எது தெரியாவிட்டாலும் பந்து தெரியும். மேசையில் இருந்த தோடம்பழத்தை எடுத்து உருட்டிப் பார்த்தான். "வலது பக்கக் கோர்னரிலை இருந்து வலது காலாலை அடிச்சால் பந்து கோலை விட்டு வெளியிலையெல்லோ வளையும், அண்ணை? இடது காலாலை அடிச்சால்தான் உள்ளுக்கு வளையும்."

"காத்து அடிச்சிருக்கும்" என்றார் விநாயகமூர்த்தி. கணக்குப் பிழைத்தால் காற்றின் மேல் பழி போடுவது கணக்காளருக்கு அழகில்லைதான்.

"காத்து இல்லை" என்றான் எட்வேட். "இடக்கால். வெறுங்கால். பெருவிரல் நகம் பிளந்து போச்சுது. அடிச்சது நான்."

வெளியே அன்றைக்கும் மழை பெய்துகொண்டிருந்தது. எட்வேட் எழுந்து நின்று, கோட்டுக் கதையை ஒன்றும் விடாமல் சொன்னான். குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. சொல்லி முடிய, விநாயகமூர்த்தி மெதுவாகக் கேட்டார்.

"எட்வேட் அண்ணை, குறை நினையாதேங்கோ. இதுக்கு ஏதும் ஆதாரம்?"

"இல்லை. படம் உங்கடை பக்கம். மலர் உங்கடை பக்கம். நான் பந்தை வைச்சிட்டு ஒதுங்கினவன். எனக்கு என்ன ஆதாரம் இருக்கும்?"

"இல்லை, தலைவர் அண்ணை உங்களுக்கு எவ்வளவு செய்தவர்... வீட்டுக்குக் கையெழுத்து..."

"கையெழுத்துக்கு நன்றி. நான் சாகுமட்டும் அந்த நன்றி இருக்கும். ஆனால் கையெழுத்துக்குப் பதிலாய்க் கோலைக் குடுக்கேலாது. அது நான் அடிச்சது."

சபாரத்தினம் மறுக்கவில்லை. ஒரு கிழவனின் முகம் அப்போதுதான் முதன்முதலாக அவருக்கு வந்தது. விநாயகமூர்த்தி சமாதானத் தூதராக மாறி, ஐந்தாவது இடத்தில் எட்வேட்டின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம், ஒருவருக்கும் மனவருத்தம் வேண்டாம் என்றார்.

"ஐஞ்சாவதாய் வேண்டாம். போட்டால் உள்ளதைப் போடுங்கோ. இல்லாட்டில் ஒண்டும் போடாதேங்கோ."

நல்லவேளை, மழை விட்டது. வெளிச்சம் போகமுதல் படத்தை எடுப்போம் என்று யாரோ சொல்ல, தப்பினோம் என்று எல்லோரும் பின்வளவுக்கு ஓடினார்கள். ஐந்து கதிரை முன்னால், ஆறு பேர் பின்னால் நிற்க இடம். புஷ்பமலர் கமெராவோடு போய் எதிரே நின்றாள்.

விநாயகமூர்த்தி நெளிந்துகொண்டு எட்வேட்டிடம் வந்தார். "அண்ணை, கோட்டெண்டு கடிதத்திலை தெளிவாய்ப் போட்டிருக்கு. நீங்கள் ஒரு படத்துக்கு வெளியிலை நில்லுங்கோ. பிறகு கோட்டில்லாமல் எல்லாரும் சேந்து இன்னொரு படம் எடுப்பம். அது எங்களுக்கு."

அதே வழக்கம். கடல் தாண்டி, முப்பது வருடம் தாண்டி, மாசியின் ஈரப் புல்லில் வந்து நிற்கிறது. எட்வேட் அவரைத் தாண்டிப் போனான். நடுக்கதிரையில் உட்கார்ந்தான். தலைவருக்கு வைத்த கதிரை அது. குனிந்து சப்பாத்தைக் கழற்றினான். காலுறையையும் கழற்றிச் சப்பாத்துக்குள் திணித்தான். ஆனி மாதக் குளிரில் இரண்டு பாதத்தையும் புல்லில் ஊன்றினான். இடது பெருவிரல் நகம் இன்னும் இரண்டாகத்தான் இருந்தது. அது ஒருநாளும் ஒழுங்காக வளரவில்லை. குணரத்தினம் அதைக் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தவன், தன் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, எட்வேட்டுக்குப் பின்னால் போய் நின்றான்.

"புஷ்பமலர் அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்றார் விநாயகமூர்த்தி. "முதல் படத்துக்கு எட்வேட் அண்ணை..."

"என்ரை கமெராவிலை முதல் படம் ரெண்டாம் படம் எண்டு கிடையாது" என்றாள் புஷ்பமலர். "பதினொரு பேரும் நிண்டால் எடுப்பன். இல்லாட்டில் பெட்டிக்குள்ளை வைச்சிடுவன்."

சபாரத்தினம் இன்னும் வாசலில் நின்றார். மெல்ல வந்தார். எட்வேட்டுக்கு முன்னால் நின்று, கோட்டின் பித்தான்களைக் கழற்றினார். கோட்டை நீட்டினார்.

"இந்தாரும் எட்வேட். போடும்."

எல்லோரும் எட்வேட்டைப் பார்த்தார்கள். வாங்கிப் போட்டால் எல்லாம் சுபமாக முடியும். விதிக்கும் வெற்றி, தலைவருக்கும் மன்னிப்பு, மலருக்கும் படம். எட்வேட்டுக்கு அதை வாங்கக் கை துறுதுறுத்தது என்பதும் உண்மை. பதினேழு வயதில் அவன் அந்தக் கோட்டுக்காக அழுதவன். ஒதுக்கி விட்டதற்காக அழவில்லை, கோட்டுக்காகத்தான் அழுதான்.

"அண்டைக்குக் கேட்டனான், சபாரத்தினம்" என்றான். "இண்டைக்குக் கேக்கேல்லை."

சபாரத்தினம் கோட்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். அதைத் திரும்பப் போடவும் மனம் வரவில்லை, கீழே வைக்கவும் இடமில்லை. கடைசியில் கோட்டில்லாமலே போய் ஓரக் கதிரையில் இருந்தார்.

"எல்லாரும் இஞ்சை பாருங்கோ" என்றாள் புஷ்பமலர். ஒருவரையும் வெட்டாமல், கணவனின் வெறுங்கால் இரண்டும் உள்ளே வரும்படி ஒரு அடி பின்னால் போனாள். கிளிக்.

எட்வேட் எழும்பவில்லை. விநாயகமூர்த்தியைக் கூப்பிட்டான்.

"தம்பி, பேனையை எடும். படத்துக்குக் கீழை பேர் எழுதவேணுமெல்லோ? நான் சொல்லச் சொல்ல எழுதும். நடுவில் இருப்பவர் எட்வேட். ரைட் அவுட். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தேழு."