கோல்கீப்பர் வீட்டுக் காதுகுத்து

முகேஷ் தன் முதல் கோலை அடித்த நேரத்தில் உக்கிரபாண்டி சார் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார். பையன்களுக்கான எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்களை யாரோ வேறு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றைத் திருப்பி வரவழைத்துவிட்டு அவர் திரும்பிப் பார்த்தபோது பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கிடந்தார்கள்.

ஆட்டம் முடிந்ததும் முகேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், என் கோலைப் பாத்தீங்கல்ல?"

"பாக்காம? வலது கால்ல என்னா வேகம்டா உனக்கு!"

முகேஷின் முகம் சுருங்கியது. "தலையால முட்டுனேன் சார்."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்து, அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். ஆனால் திரும்பி வரும்போது வேனில் பக்கத்துப் பையனிடம் அந்தக் கோலை முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சமயநல்லூர் சாலையில் இருக்கும் அந்த மேல்நிலைப் பள்ளியில் இருபது வருஷத்துக்கும் மேலாக அவர்தான் பி.டி. சார். வேன் பேசுவது, சோறு சொல்வது, ஜெர்சியைச் சலவைக்குப் போட்டு வாங்குவது, 'எம்புள்ளையை ஏன் சார் வெளிய உக்கார வச்சீங்க' என்று கேட்கும் அப்பாக்களைச் சமாளிப்பது என்று எல்லாம் அவர் தலையில்தான். யாரும் சுமத்தவில்லை. அவரே இழுத்துப் போட்டுக்கொண்டதுதான். உதவிக்கு ஆள் இல்லாமலும் இல்லை. டவுனுக்குள் காஜிமார் தெருவிலிருந்து வரும் முஜிபுர் ரஹ்மான் இளைய பி.டி. சார். தாவரவியல் டீச்சர் தமிழ்வாணி பல்கலைக்கழக அணியில் ஆடியவர். இரண்டு பேரையும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டார். வெளிவேலையை அவர்களிடம் கொடுத்தால் எங்காவது தப்பிவிடும் என்று ஒரு பயம்.

தமிழ்வாணிதான் அதைக் கேட்டது. வேன் பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது, "சார், கோபப்படாதீங்க. இன்னைக்கு ஆட்டத்துல எம்புட்டு நேரம் நீங்க ஆட்டத்தைப் பாத்தீங்க?" என்றார்.

அவர் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார்; பத்து நிமிஷம்கூடத் தேறவில்லை.

திங்கட்கிழமை விளையாட்டு அறையில் இருவரையும் உட்கார வைத்து வேலையைப் பிரித்துக் கொடுத்தார். பெற்றோரிடம் பேசுவது தமிழ்வாணி. பொம்பளைப் பிள்ளை பேசினால் தாய்மார்கள் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. வேனும் சாப்பாடும் முஜிபுர். டவுனுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவருக்கு எல்லோரையும் தெரிந்திருக்கும். இருவரும் தலையாட்டினார்கள். கொடுத்துவிட்டாரே தவிர, கை சும்மா இருக்கவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்புக்கு வகுப்பு, "என்னாச்சு, பேசியாச்சா?" என்று வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "ஆச்சு சார்" என்றார்கள் இருவரும், ஒரே குரலில், கொஞ்சம் அவசரமாகவே.

பள்ளிகளுக்கான கால்பந்துப் போட்டியின் அரையிறுதி அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நாகமலை புதுக்கோட்டையில். உக்கிரபாண்டி பள்ளிக்கு வந்தபோது வேன் ஏற்கெனவே வாசலில் நின்றது. அதுவே அதிசயம். டிரைவர் முத்துப்பாண்டி ஒரு நாளும் சொன்ன நேரத்துக்கு வந்தவர் இல்லை.

"என்ன முத்துப்பாண்டி, சூரியன் மேக்க உதிச்சிருச்சா?"

"அட போங்கண்ணே. டீச்சர் காலையிலருந்து மூணு தடவ போன் போட்டாங்க. லேட்டா வந்தா வண்டியில ஏற மாட்டோம், காலி வண்டியத் திருப்பிக்கிட்டுப் போன்னுட்டாங்க. அவங்க சொன்னா செஞ்சாலும் செய்வாங்கண்ணே."

வேன் முஜிபுருடைய வேலையாயிற்றே என்று யோசித்துக்கொண்டே அவர் பையன்களை எண்ணினார். கோல்கீப்பர் சித்தார்த்தைக் காணோம். முஜிபுரையும் காணோம்.

"சித்தார்த் எங்க டீச்சர்?"

"வந்துருவான் சார். முஜிபுர் சார் கூட்டிட்டு நேரா கிரவுண்டுக்கு வாரேன்னுட்டார்."

"எங்கருந்து?"

தமிழ்வாணி ஜெர்சிப் பையை வேனுக்குள் தள்ளினார். "சோழவந்தான் பக்கம் சார். கோயில்ல அவங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. இவன்தான் தாய்மாமன்."

உக்கிரபாண்டி வாட்சைப் பார்த்தார். ஒரே தாய்மாமன். அவன் மடியில் உட்கார வைத்துத்தான் பிள்ளைக்குக் காது குத்துவார்கள். சடங்கு, பந்தி, சொந்தக்காரர்கள்; அங்கே மாட்டிய ஆள் பொழுது சாய்வதற்குள் வெளியே வருவதாவது!

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"அவங்கம்மா தங்கப்பொண்ணு எனக்குத்தான் போன் பண்ணுனாங்க சார். அரையிறுதி இருக்கும்மா, காதுகுத்தைத் தள்ளி வைங்கன்னு சொல்லிட்டேன்."

"சொல்லிட்டீங்களா!"

"டீ.சி.யைக் குடுங்க, எம்மகனை வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கிறேன்னு போனை வச்சுட்டாங்க." தமிழ்வாணியின் குரல் இறங்கியது. "எனக்கு நயமாப் பேச வராது சார். முஜிபுர் சாருக்கு டிரைவரை அதட்ட வராது. அண்ணே, தம்பின்னு கெஞ்சிக்கிட்டே இருந்தார். சரி, மாத்திக்குவோம்னு நாங்களே மாத்திக்கிட்டோம். உங்ககிட்ட சொன்னா நீங்களே கெளம்பிப் போயிருப்பீங்க."

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் தமிழ்வாணி கடைசியாகச் சொன்னது நிஜம்தான். அந்த நிமிஷமே ஒரு பைக்கைக் கடன் வாங்கிக்கொண்டு சோழவந்தானுக்குப் போகலாமா என்றுதான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் பையன்கள் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். உக்கிரபாண்டியின் கண் வாசல் கேட்டிலேயே இருந்தது. முஜிபுருக்குப் போன் போட்டார். மணி அடித்து நின்றது. மறுபடி போடப் போனவரைத் தமிழ்வாணி தடுத்தார்.

"வண்டி ஓட்டுறவர் எப்படி சார் எடுப்பார்? ராஜபாண்டியைப் பாருங்க, பாவம்."

ராஜபாண்டி மாற்றுக் கோல்கீப்பர். ஒன்பதாம் வகுப்பு. கம்பத்துக்குக் கீழே நின்றவன் கையுறையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருப்பது தூரத்திலேயே தெரிந்தது. உக்கிரபாண்டி போனைப் பையில் போட்டுவிட்டு அவனிடம் போனார். பந்தைத் தரையோடு உருட்டி விட்டார். பிறகு கொஞ்சம் வேகமாக. "கையை நீட்டாத, உடம்பைக் கொண்டு போ. அம்புட்டுத்தான். பந்து உன்னைத் தேடி வரும்." நாலைந்து பந்துக்குப் பிறகு பையன் தாவ ஆரம்பித்தான். ஒன்றை மூலையில் விழுந்து பிடித்துவிட்டு அவனே ஆச்சரியப்பட்டுச் சிரித்தான். இன்னொன்று, இன்னொன்று என்று அவர் தன்னை மறந்து அடித்துக்கொண்டிருந்தார். பையன்கள் ஹோவென்று கத்திய பிறகுதான் திரும்பினார்.

முஜிபுரின் பைக் புழுதியோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. பின்னால் சித்தார்த். பட்டு வேட்டி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் வாடிய மாலை. பையன்கள் "தாய்மாமன் வந்துட்டாருடா!" என்று அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

உக்கிரபாண்டி பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒருவன் எழுந்து போனது மாதிரி இருந்தது.

"எப்படிய்யா விட்டாங்க?" என்று கேட்டார்.

முஜிபுர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "புதன்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேண்ணே. மேட்ச் பேச்சே எடுக்கல. பத்திரிகையைக் குடுங்கம்மான்னு கேட்டு வாங்கிப் பாத்தேன். முகூர்த்தம் மத்தியானத்தோட முடியுது. சடங்கு முடிஞ்சதும் முதல் பந்தியில உக்கார வச்சு எங்கூட அனுப்புங்க, இன்ஷா அல்லாஹ் பத்திரமாக் கொண்டாந்து விடுறேன்னேன். அப்ப நீங்களும் விசேஷத்துக்கு வரணும்னுட்டாங்க."

"போனியா?"

"போகாம? தாய்மாமன் சீர்த் தட்டுல ஒண்ணை என் கையிலயும் குடுத்து மேளத்தோட நடக்க விட்டுட்டாங்கண்ணே. கோயில்ல வெட்டுன கெடாக்கறி எனக்கு ஆகாதுன்னு தனியா சாம்பாரும் பாயாசமும் வச்சிருந்தாங்க. தங்கப்பொண்ணம்மா டீச்சரைக்கூட விசாரிச்சாங்க. கோவக்காரப் பிள்ளையா இருந்தாலும் அக்கறையாத்தான் பேசுச்சுன்னாங்க."

தமிழ்வாணி முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் பாட்டில்களை அடுக்கப் போனார். உக்கிரபாண்டி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்க நேரமானது.

அன்றைக்கு அவர் ஆட்டத்தைப் பார்த்தார். முதல் பாதியில் சித்தார்த் ஒரு கோலை விட்டான். பந்தியின் கறிச்சோறு அவனைக் குனிய விடவில்லை. ஆனால் எதிரணியின் இடதுபக்கத் தடுப்பாட்டக்காரன் ஒவ்வொரு தடவையும் ஆசைப்பட்டு முன்னேறுவதையும், அவன் திரும்பி வருவதற்குள் பின்னால் ஒரு பெரிய வெற்றிடம் கிடப்பதையும் உக்கிரபாண்டி கவனித்துவிட்டார். பாதி நேரத்தில் பையன்களை வட்டமாக உட்கார வைத்து, மண்ணில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். "இந்த இடம் காலியாக் கிடக்குடா. பந்தை அங்க போடுங்க." அந்த இடத்திலிருந்துதான் இரண்டு கோலும் வந்தன. இரண்டுக்கு ஒன்று. கடைசி விசில் ஊதியபோது அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. கத்தியதெல்லாம் ஆட்டத்தைப் பார்த்துத்தான்.

இறுதியாட்டம் திண்டுக்கல்லில் என்று சொன்னார்கள். வேனில் ஏறும்போது முஜிபுர் மெதுவாகக் கேட்டார். "அண்ணே, திண்டுக்கல்லுக்கு யார் யாருக்கு என்ன வேலை?"

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு எனக்குச் சொல்லுங்க" என்றார் உக்கிரபாண்டி.

வழக்கமாகக் கடைசிப் பையனின் அப்பா வந்து கூட்டிப் போகும் வரைக்கும் பள்ளி வாசலில் காத்து நிற்பவர் அவர். இன்றைக்குத் தமிழ்வாணி முத்துப்பாண்டியிடம் ஒரு வார்த்தை சொல்ல, வேன் டவுன் பக்கம் திரும்பி அவர் வீடு இருக்கும் ஆரப்பாளையத்தில் நின்றது. "நீங்க வீட்டுக்குப் போங்க சார். பசங்களை நாங்க பாத்துக்கிறோம்."

இறங்கினார். வெயில் இன்னும் சாய்ந்து முடியவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் பருத்திப்பால் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டு ஓரமாக நின்று, அவசரமில்லாமல் ஊதி ஊதிக் குடித்தார்.