கண்ணாடியில் பச்சைப் புள்ளி

சுரண்டி எடுத்த மறுவாரமே அந்தப் பச்சைப் புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. மீன்தொட்டியின் முன்கண்ணாடி முழுக்க, தாளித்த கடுகு தெறித்தது போல. கையால் தேய்த்தால் போகாது, பிளேடுதான் வேண்டும். எங்கே தவறு என்று இம்மானுவேலுக்குப் பிடிபடவில்லை.

“மாப்ள, மீனு தெர்ல. ஊட்டுக்குள்ள இன்னா மூடுபனியா?” என்றார் மாமனார் எட்வர்ட். பக்கவாதம் வந்ததிலிருந்து ஒருக்களித்தே படுத்திருக்கிறார், கழுத்து திரும்பாது. அவருக்காகத்தான் கட்டிலுக்கு நேரே அந்தத் தொட்டி. அவருடைய ஜன்னலும் தெருவும் ஜனங்களும் அதற்குள்தான்.

இம்மானுவேல் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரிப்பவன். பாஸ்பேட் ஏரியில் கலந்தால் பாசி மண்டும் என்பதால், அதைப் பிரித்தெடுப்பது அவன் வேலை. பாஸ்பேட் இருப்பதைக் காட்டும் நீலம் சோதனைக் குழாயில் தட்டாவிட்டால் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்புவான். அதே பழக்கத்தில் தொட்டியின் வடிகட்டியிலும் பாஸ்பேட்டை உறிஞ்சும் பை ஒன்றைப் போட்டிருந்தான். இப்போதும் சோதித்தான். நீலமே இல்லை. பிறகு ஏது பாசி?

மனைவி கிறிஸ்டினா வேறோர் ஆலையில் பாய்லர் தண்ணீரைச் சோதிப்பவள். குனிந்து செடிகளைப் பார்த்தாள். புதுத் தளிரே இல்லை. பழைய இலைகளிலும் அதே புள்ளிகள்.

“யோவ், பாஸ்பேட்டே இல்லன்னா செடி இன்னாத்த துன்னும்? பாய்லர் குழாய்ல எதுவும் படியக்கூடாதுன்னு நாங்க அத்த அளந்து அளந்து ஊத்திக்கினு கீறோம். நீ இன்னாடான்னா திருடன புடிக்கிற மாரி புடிச்சிக்கினு கீற.”

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. உப்பில்லாத சோற்றை யாரும் தொடமாட்டார்கள். இலையில் கிடந்தால் ஈ மொய்க்கும். வெளிச்சமும் மற்ற சத்துகளும் இருந்தும், ஒன்று குறைந்ததால் செடிகள் பந்தியைவிட்டு எழுந்துவிட்டன. மிச்சத்துக்கு வந்து உட்கார்ந்ததுதான் பாசி. இலையைப் பார்த்தே இதைச் சொல்லிவிட்டாளே என்று அவளை ஒரு கணம் பார்த்துக்கொண்டே நின்றான்.

“அப்போ உங்க பாய்லர் பவுடர்ல ஒரு புடி கொண்டாயேன்.”

“அய்யய்யோ, அது சோடாக்காரம் மாரி. இரும்பு தாங்கும், மீனு வெந்துடும்யா. மாம்பூவுக்கு அடிக்கிற பாஸ்பேட் உரம் உரக்கடைல கெடைக்கும், அத்த வாங்கு.”

“வெந்தா கொழம்பு வெய்யி, வீணாக்காத,” என்றார் கட்டிலிலிருந்து எட்வர்ட்.

“சும்மா கெட நைனா!”

சில வாரம் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்து இருவரும் உள்ளே நுழைந்தபோது எட்வர்ட் குரலைத் தாழ்த்தி அழைத்தார். “மாப்ள, சத்தம் போடாத வா. அந்தக் கல்லுக்குப் பின்னால குட்டி கீது. கண்ணு மட்டுந்தான் கீது, ஒடம்பையே காணோம்.”

இம்மானுவேல் அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, அவர் கண்மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்தான். கண்ணாடி இருப்பதே தெரியவில்லை. கல்லுக்குப் பின்னால், புதுத் தளிருக்கு அடியில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் ஜோடியாக நீந்தின.

அவன் செய்தது இவ்வளவுதான்: உறிஞ்சும் பையை எடுத்து எறிந்தான். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அந்த மாம்பூ உரத்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டான். சோதனைக் குழாயில் வெளிர்நீலம் தட்டியதும் நிறுத்திக்கொண்டான்.