தானே தேடிச் சேர்ந்த கருவி

கால்நடை மருத்துவ முகாமில் சினை இல்லை என்று சொல்லிவிட்டால் மாட்டை அங்கேயே தரகர் ரெத்தினத்திடம் பிடித்துக் கொடுத்துவிடுவதாக அன்பரசன் முடிவு கட்டியிருந்தான். அதனால் மனைவி செவ்வந்தி அன்று காலை அவனுக்குக் காப்பி கொடுத்தாளே தவிர, முகம் கொடுக்கவில்லை.

சிட்டு அவள் வளர்த்த மாடு. கன்றுக்குட்டியாக வந்ததிலிருந்து புல் அறுத்துப் போட்டதும், சொசைட்டிக்குப் பால் சுமந்ததும் அவள்தான். போன வருஷம் போட்ட சினை ஊசி இரண்டு முறையும் நிற்கவில்லை. தை மாசக் கடைசியில் போட்டது நின்றிருக்கும் என்று செவ்வந்தி நம்பினாள். அன்பரசன் நம்பவில்லை. கறவையும் இல்லை, கன்றும் இல்லை, வைக்கோல் மட்டும் குறைகிறது என்பது அவன் கட்சி.

முகாம் நடந்த கல்யாண ஓடைக் கரையில் இரண்டு புங்க மரங்கள். ஒன்றின் அடியில் டாக்டர் மதிவதனி பசுக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்ததில் டாக்டர் ஃபாஜில் மற்ற வைத்தியங்களைக் கவனித்தார். இருவரிடமும் புத்தம் புதிய ஸ்கேன் கருவி இருந்தது. டார்ச் லைட் பருமனில் ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு டேப்லெட், நடுவே ஒயரே கிடையாது. கைப்பிடியை முடுக்கினால் போதும், அதுவே தன் டேப்லெட்டைத் தேடிப் பிடித்துச் சேர்ந்துகொள்ளும் என்று விற்றவர் சொல்லியிருந்தார். இரண்டு டாக்டர்களும் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒரே நேரத்தில் முடுக்கினார்கள். இரண்டிலும் பச்சை விளக்கு எரிந்தது. வேலை ஆரம்பமாயிற்று.

சிட்டுதான் முதல் மாடு. மதிவதனி அதன் வலது விலாவில் பசை தடவிக் கருவியை அழுத்தினாள். திரையில் கறுப்பாக, உருண்டையாக, நீர் நிறைந்த பை ஒன்று தெரிந்தது. கன்றைக் காணோம். மதிவதனி உதட்டைப் பிதுக்கினாள். சினை இல்லை, உள்ளே நீர் கோத்திருக்கிறது, இனிமேல் நிற்பது கஷ்டம் என்று மெதுவாகத்தான் சொன்னாள். செவ்வந்தி சிட்டுவின் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

ரெத்தினம் தூரத்தில் இல்லை. அவருடைய வண்டிக்காளை ஒன்று நேற்றிலிருந்து மூத்திரம் போகாமல் தவிக்க, அதை ஃபாஜிலிடம் பிடித்து வந்திருந்தார். காளையைக் கூட வந்த ஆளிடம் விட்டுவிட்டு, தோள் துண்டை உதறிக்கொண்டு இந்த மரத்தடிக்கு வந்தார். அன்பரசனின் கை துண்டுக்குள் போயிற்று. இரண்டு கைகளும் உள்ளே விரல் விட்டு விரல் பிடித்து விலை பேசிக்கொண்டன. வெளியே இருவரும் மழை வருமா என்று வானத்தைப் பார்த்தார்கள். துண்டு விலகியபோது வியாபாரம் முடிந்திருந்தது. ரெத்தினம் இடுப்பிலிருந்து புதுக்கயிற்றை எடுத்துச் சிட்டுவின் கழுத்தில் போட்டார்.

"டாக்டரம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்களேன்" என்றாள் செவ்வந்தி.

மதிவதனிக்கு மறுக்க மனம் வரவில்லை. மறுபடி பசை தடவினாள்.

அங்கே ஃபாஜில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். சற்று முன்பும் அவருக்கு இதே காட்சி வந்தது. மாதிரிக்காகக் கம்பெனிக்காரர் ஏற்றி வைத்த படம் ஓடுகிறது என்று நினைத்து விட்டுவிட்டார். இப்போது விட முடியவில்லை.

"மேடம், கொஞ்சம் இங்க பாருங்க. இந்தக் காளை வயித்துல கன்னுக்குட்டி இருக்கு. காலை உதைக்குது."

முகாமே சிரித்தது. மதிவதனி சிரிக்கவில்லை. சிட்டுவின் விலாவில் வைத்த கையை அசைக்காமல், ஃபாஜிலைக் கருவியை எடுக்கச் சொன்னாள். அவர் எடுத்தார். கன்று அவர் திரையிலேயே நின்றது. பிறகு இவள் தன் கருவியை எடுத்தாள். கன்று மறைந்தது.

கருவிகள் சொன்னபடி தேடிப் பிடித்துத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் அடுத்த டாக்டரின் டேப்லெட்டை. இவள் நீர் கோத்த கருப்பை என்று சொன்னது அடைத்துக்கொண்ட காளையின் மூத்திரப்பை. மதிவதனி முகம் சிவக்க நீள உறையை மாட்டிக்கொண்டு, கையை உள்ளே விட்டே பார்த்தாள். நாலு மாசச் சினை, கன்று நன்றாக இருக்கிறது என்றாள். எல்லார் முன்னாலும் செவ்வந்தியிடம் மன்னிப்பும் கேட்டாள்.

செவ்வந்தி புதுக்கயிற்றை அவிழ்க்கப் போனாள். ரெத்தினம் விடவில்லை. சந்தையில் அவர் வாக்குத் தவறியதில்லை, யாரையும் தவற விட்டதும் இல்லை. அன்பரசன் தலையைச் சொறிந்தான். துண்டுக்குள் கை கொடுத்தவன் அவன்தானே.

"துண்டுக்குள்ள முடிஞ்சது முடிஞ்சதுதாம்மா. அப்ப படத்துல என்ன தெரிஞ்சுதோ அதுக்குத்தான் வெல. அப்புறம் மாறினா நான் பொறுப்பில்ல" என்றார் ரெத்தினம்.

"சரிண்ணே" என்றாள் செவ்வந்தி. "அப்ப தெரிஞ்சதுதான் செல்லும்னா உங்க காளை செனையா இருக்கு. மூத்திரத்துக்கு வைத்தியம் வேணாம், வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயி கன்னு போடுற வரைக்கும் பாத்துக்குங்க. இப்ப தெரியறதுதான் செல்லும்னா, உங்க காளைக்கு மூத்திர அடைப்பு, என் மாடு செனை. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துக் காளை முக்கிக்கொண்டு முனகியது. ஃபாஜில் ஊசியோடு காத்திருந்தார். இடுப்பு வலி எடுத்துவிட்டதோ என்று கூட்டத்தில் ஒருவர் கவலைப்பட்டார். ரெத்தினம் முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. குனிந்து தன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டார்.

"வாய்க்காரி. டாக்டரு, நீங்க ஊசியைப் போடுங்க. அன்பு, நீ வந்து காளையோட கொம்பைப் புடி. அதுதான் உனக்குத் தண்டனை."

அன்பரசன் கொம்பைப் பிடித்தான். அடைப்பு விட்டபோது அவன் வேட்டி நனைந்தது.

செவ்வந்தி காத்திருக்கவில்லை. சிட்டுவைப் பிடித்துக்கொண்டு கரையில் நடந்தாள். பின்னாலேயே ஈர வேட்டியோடு ஓடி வந்தான் அன்பரசன். கோபமா என்று கேட்டான். வழக்கம்போல மாட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி விரட்டக் கையை ஓங்கினான்.

"வெரட்டாதீங்க" என்றாள் அவள், திரும்பாமல். "அது நடக்குற நடைக்கு நீங்க நடங்க."

சிட்டு கரையோரப் புல்லைப் பார்த்து நின்றுவிட்டது. அவனும் நின்றான்.