வாசல்வரை பத்தொன்பது பேர்

அடக்கப் பூசை முடிந்து சவப்பெட்டியைத் தோளுக்கு ஏற்றியபோது ஒதீல் மறுபடியும் எண்ணினாள். பத்தொன்பது பேர். முதலில் எண்ணியபோது இருபத்தொன்று வந்தது. ஓரமாக நின்ற கோயில் ஆட்கள் இருவரையும் சேர்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"பத்தொம்பதுதான்டா," என்றாள் தம்பி தியெரியிடம்.

"போதும்க்கா. ஆளுக்கு ரெண்டு கை இருக்குல்ல?"

"வெளிய மழை. ஒரு கையில குடை இருக்கும்."

அப்பா அன்செல்ம் நாற்பத்தாறு வருடம் லியோன் நகர மேடைகளில் நடித்தவர். பதினொரு படங்கள். அவற்றில் நான்கில் முதல் கால்மணி நேரத்திலேயே செத்துப்போவார். நடிகன் இறந்தால், பெட்டி கோயில் வாசலைத் தாண்டும்போது கூடியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். சக நடிகர்களின் அடக்கத்துக்குப் போய்விட்டு வந்தால், மேல்கோட்டைக் கழற்றும் முன்பே அப்பா சொல்வார்: "ரெனோனுக்கு நாப்பது விநாடி. அவன் நடிப்புக்கு அதுவே ஜாஸ்தி." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் தட்டியிருப்பார்.

போன செவ்வாய்க்கிழமை, இறப்பதற்கு முந்தின மாலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அந்தக் கடிகாரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

"பாத்துச் சொல்லு."

யாரிடம் சொல்வது என்று அவள் கேட்கவில்லை.

குடும்பத்தார் ஆரம்பிக்கக் கூடாது. முதல் தட்டு வெளியாளுடையதாக இருக்க வேண்டும். அப்பாவோடு நடித்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. வந்திருப்பவர்கள் ரொட்டிக்கடைக்காரரும் அடுக்குமாடிக்காரர்களும். இந்த வழக்கம் அவர்களுக்குத் தெரியுமா? நேற்றே சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கினால் அது என்ன கைதட்டல்?

கீழ்த்தளத்து வெர்னே அம்மாள் கோயில் பெஞ்சுகளுக்கு நடுவே அவளோடு சேர்ந்துகொண்டாள். "உங்கப்பா டிவில சாகறத நான் மூணு தடவ பாத்திருக்கேன், ஒதீல். மறுநாள் காலைல ரொட்டி வாங்கக் கீழ இறங்கி வந்துடுவாரு." சிரித்துவிட்டு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"லூசெத் ஆரம்பிக்க மாட்டாங்களா?" தியெரி காதருகே கேட்டான்.

கடைசி வரிசையிலிருந்து லூசெத் எழுந்துகொண்டிருந்தார். மேடைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்து, வசனம் மறந்த நடிகர்களுக்கு அடியெடுத்துக் கொடுத்தவர். வாதத்தில் அவருடைய விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

"அவங்களால எப்படிடா தட்ட முடியும்?"

வாசலில் குடைகள் ஒவ்வொன்றாக விரிந்தன. பெட்டி முதல் படியில் இறங்கியது. இரண்டாவது படி. யாரும் தட்டவில்லை. வெர்னே அம்மாள் சிலுவைக்குறி போட்டாள். ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார். இன்னொரு கையும் போயிற்று என்று ஒதீல் நினைத்தாள். கீழே சவ வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. இன்னும் ஐந்து படிகள். தியெரியின் கைகள் பையிலிருந்து வெளியே வந்தன. அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு படிகள்.

"தட்டுங்க."

பின்னாலிருந்து வந்தது. உரத்த குரல் இல்லை. அரங்கத்துக்குக் கேட்காமல், மேடையில் விழித்துக்கொண்டு நிற்பவனுக்கு மட்டும் கேட்கிற குரல்.

வெர்னே அம்மாள் திரும்பிப் பார்த்தாள். லூசெத் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. "கை தட்டுங்க."

வெர்னே அம்மாள் குடையை மடக்கினாள். ரொட்டிக்கடைக்காரர் தொப்பியைத் தலையில் வைத்தார். பிறகு இன்னொரு குடை, இன்னொன்று. மழையில் நனைந்தபடி தட்டினார்கள். பெட்டி வண்டிக்குள் போன பிறகும் தட்டினார்கள்.

ஒதீல் அவசரமாகக் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். முள் நகரவில்லை. செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அதற்குச் சாவி கொடுக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

காரில் ஏறியதும் தியெரி கேட்டான், "எவ்வளவுக்கா?"

"ரெனோனுக்கு மேல," என்றாள் ஒதீல்.

கல்லறைத் தோட்டம் வரும்வரை அவள் கடிகாரத்தின் சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிக்கொண்டே இருந்தாள்.