டென்ப்ரூக் தம்பதியை வழியனுப்பிய கதை

ஹார்லன் டென்ப்ரூக் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போச்சு. வந்தவர் சாப்பிட்டுவிட்டுப் போனால் பரவாயில்லை. அவர் எங்கள் சபையின் மிஷன் கமிட்டித் தலைவர். பதினான்கு வருடம் தான்சானியாவில் ஊழியம் செய்துவிட்டு ஒரு வருட விடுப்பில் அயோவாவுக்கு வந்திருக்கும் எங்களைத் திருப்பி அனுப்புவதா, இங்கேயே நிறுத்திக்கொள்வதா என்று செவ்வாய்க்கிழமை கமிட்டி முடிவு செய்யும். அதற்கு முன் எங்களுக்குப் புத்தி சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த விருந்து.

அவர்களுக்கும் காரணம் இருந்தது. எங்களுக்கு முன்னால் விடுப்பில் வந்த ஒரு மிஷனெரி, ஞாயிறு ஆராதனையில் மூன்றரை மணி நேரம் பிரசங்கம் பண்ணிவிட்டார். அங்கே அது சாதாரணம். இங்கே பன்னிரண்டு மணி தாண்டினால் ஊர் முழுக்க அடுப்பில் இறைச்சி கருகும். மனுஷன் அதோடு சரி. இப்போது ஏதோ ஒரு செருப்புக் கடையில் கால் அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்குத் திரும்பிப் போக வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைத் தவிர எனக்கு வேறு ஆசையே இல்லை. அங்கே நான் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்க்கும் அறை இருக்கிறது, பக்கத்து வீட்டில் துமாயினியின் அம்மா இருக்கிறாள். இங்கே ஏழு மாதமாக எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "ஆப்பிரிக்கா எப்படி இருந்துச்சு சிஸ்டர்?" என்று கேட்கிறார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் எதற்குக் கேட்பது?

சனிக்கிழமை காலை பிள்ளைகளை உட்கார வைத்து ஒத்திகை நடத்தினேன். பெரியவள் லோயிஸுக்குப் பதினொன்று, சின்னவள் பெட்ராவுக்கு ஏழு.

"கையால சாப்பிடக் கூடாது. தட்டை நீட்டும்போது மண்டி போடக் கூடாது. அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லணும்."

"ஆடு மாடெல்லாம் சௌக்கியமான்னு கேக்கக் கூடாதா?" என்றாள் பெட்ரா.

"கூடாது."

"கேக்கலன்னா அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"அவர்கிட்ட இருக்கறது எல்லாம் பன்னி. நீ பன்னியப் பத்தி வாயே திறக்காத."

என் வீட்டுக்காரர் ஜெரிட் செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கு வந்ததே கோபம். "சிரிங்க, நல்லா சிரிங்க. செருப்புக் கடையில உங்களுக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வெப்பாங்க" என்றேன். பேப்பர் அசையாமல் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை விருந்து என்னவோ நன்றாகத்தான் போனது. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு, காரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி என்று இந்த ஊரார் முகம் சுளிக்காத சாப்பாடாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். ஹார்லன் இரண்டாவது முறை வாங்கிச் சாப்பிட்டார். அவர் மனைவி ஆர்டித் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த அம்மாள் சபையிலும் பேசி நான் கேட்டதில்லை. பெட்ரா தட்டை நீட்டும்போது முழங்கால் லேசாக மடங்கியது. நான் இருமினேன், நிமிர்ந்துவிட்டாள்.

"நம்ம சபையிலயே வயசானவங்களப் போய்ப் பாக்கற வேலை ஒண்ணு காலியா இருக்கு பிரதர்," என்றார் ஹார்லன். "வீடும் உண்டு. பாத்திரம் கழுவற மெஷினோட."

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்கு இன்னும் கொஞ்சம் ஜெல்லி வைத்தேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள். எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்த நான் இதை மட்டும் கோட்டை விட்டேன். இது ஒரு பழக்கம் என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. தான்சானியாவில் எங்கள் கிராமத்தில் விருந்தாளியை வாசலோடு அனுப்புவதில்லை. கூடவே நடக்க வேண்டும். ஓரிடத்தில் அவரே நின்று, "போதும், இதோட திரும்புங்க" என்பார். அவர் சொல்வதற்கு முன் நாம் திரும்பினால், ஒழிந்தான் என்று நினைக்கிறோம் என்று அர்த்தம்.

இருவரும் காரில் ஏறினார்கள். கார் தெருவுக்கு வந்தது. நாங்கள் நாலு பேரும் அதன் பக்கத்தில் நடந்தோம்.

ஹார்லன் கண்ணாடியை இறக்கினார். "எதையாச்சும் மறந்து வெச்சுட்டோமா?"

"இல்ல பிரதர், சும்மா கூட வர்றோம்," என்றார் ஜெரிட்.

அயோவாவில் மரியாதை தெரிந்தவன், ஜன்னல் பக்கத்தில் ஒருவர் வரும்போது காரைக் கிளப்பிக்கொண்டு போக மாட்டான். ஹார்லன் சபையின் மூப்பர் வேறு. கார் நடை வேகத்தில் உருண்டது. அவர் பண்ணை ஒன்றரை மைல்.

மார்ச் மாதக் குளிர் காதை அறுத்தது. தெருவோர வீடுகளில் ஜன்னல் திரைச்சீலைகள் விலகின. பெட்ரா மாட்டை ஓட்டிப் போகிறவள் மாதிரி காரின் பின்புறத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, என் கிளாஸ் பிள்ளைங்க பாக்குதுங்க," என்றாள் லோயிஸ்.

"சிரிச்சுக்கிட்டே நட."

தபால் நிலையத்துக்கு முன்னால்தான் எனக்கு உறைத்தது. "என்னங்க, திரும்புங்கன்னு சொல்லணும்னு அவருக்குத் தெரியாதே."

"இப்பத்தான் நானும் அதை நினைச்சேன்."

"அப்போ திரும்புங்க."

"நீ முதல்ல திரும்பு."

திரும்பத்தான் பார்த்தேன். கால் கேட்கவில்லை, நான் என்ன செய்ய? அதற்குள் எங்கள் பின்னால் மூன்று கார்கள் சேர்ந்துவிட்டன. சவ ஊர்வலம் என்று நினைத்து விளக்கைப் போட்டுக்கொண்டு பவ்யமாக வந்தார்கள். எதிரே வந்த ஒருவர் வண்டியை ஓரம் கட்டி இறங்கி, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கள் மானம் கப்பலேறியது. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கவே வேண்டாம் என்று நினைத்தபோது அழுகை வந்தது.

ஊர் எல்லையில் கார் நின்றது. ஆர்டித் கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

"ஆர்டித், என்ன பண்ற?"

"நடக்கப் போறேன் ஹார்லன். அவங்க நடக்கறாங்க, நான் மட்டும் மூட்டை மாதிரி உக்காந்திருக்கேன்."

என் பக்கத்தில் வந்து நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "இது அங்கத்துப் பழக்கமா? அங்க உங்களை யாரு இப்படிக் கொண்டு வந்து விடுவாங்க?"

நான் துமாயினியின் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். ஆர்டித் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிளம்பிவிடவில்லை. அப்புறம் என்றாள், அப்புறம் என்றாள். கடைசி அரை மைலை நான் மூச்சுவிடாமல் பேசியே கடந்தேன். ஏழு மாதத்துப் பேச்சு.

பண்ணை வாசலில் ஹார்லன் இறங்கினார். பின்னால் வந்த மூன்று கார்களும் கல்லறையைத் தேடிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன. ஜெரிட் தலையைக் குனிந்துகொண்டு வழக்கத்தைச் சொன்னார்.

"இதை உங்க வீட்டு வாசல்லயே சொல்லியிருக்கலாமே பிரதர்," என்றார் ஹார்லன்.

"விருந்தாளிகிட்ட அதைச் சொல்றது மரியாதை இல்லீங்க."

ஹார்லன் தன் பன்றிக் கொட்டகையைப் பார்த்தபடியே சொன்னார்.

"இந்த ஊருக்கு நீங்க சரிப்பட்டு வருவீங்கன்னு நான் எழுதினா அது பொய். கர்த்தருக்குப் பயந்தவன் நான். உங்களை இங்க வெச்சுக்கிட்டா ஞாயித்துக்கிழமைக்கு ஒரு சவ ஊர்வலம் நடக்கும். இந்த மாதிரி பழக்கத்தோட இருக்கறவங்களை அந்த ஜனங்ககிட்ட அனுப்பறதுதான் நியாயம்னு எழுதறேன். கமிட்டி நான் எழுதறதைத் தாண்டாது. ஆகஸ்ட்ல கிளம்புங்க."

"பன்னிங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டாள் பெட்ரா, அதுவரை அடக்கி வைத்திருந்தவள்.

"நல்லா இருக்குதுங்க பாப்பா," என்றார் ஹார்லன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தால், அவரிடம் யாருமே அதைக் கேட்டதில்லை போலிருந்தது.

நான் நடுரோட்டில் ஜெரிட்டைக் கட்டிக்கொண்டு அழுதேன். வீட்டுக்குத் திரும்பியதும் துமாயினியின் அம்மாவுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆர்டித் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"வாங்க, உங்களைப் பாதி தூரம் கொண்டு விடறேன்."

ஜெரிட்டும் பிள்ளைகளும் முன்னால் போனார்கள். நாங்கள் இருவரும் பின்னால் நடந்தோம். பேறுகாலத்தில் தான் பட்ட பாட்டை அவள் சொன்னாள், நான் மருத்துவச்சியாக நடுநடுவே கேள்வி கேட்டேன். எதற்கோ இருவரும் சிரித்து வழியில் நிற்க வேண்டியதாயிற்று.

"ஆகஸ்ட்டுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு?" என்றாள்.

"அஞ்சுதான்," என்றேன். அந்த 'தான்' எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது விருந்தாளி நான். போதும், திரும்புங்க என்று நான்தான் சொல்ல வேண்டும். தபால் நிலையம் வந்தது, போனது. நான் வாயைத் திறக்கவில்லை.