அக்கா வீட்டுக்கு அனுப்பிய டிஸ்பிளே பீஸ்

என் கடை வாசலுக்கு நேரே ஒரு ஹோம் தியேட்டர் செட் இரண்டு வருஷமாகப் பாடிக்கொண்டே இருந்தது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் தொடங்கும், ராத்திரி இறக்குகிறவரை ஓயாது. ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், எல்லாவற்றுக்கும் நடுவில் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. மழைக்கு ஒதுங்கியவன், பஸ்ஸுக்குக் காத்திருந்தவன், மனைவி பக்கத்துக் கடையில் துணி பார்க்கும்போது பொழுது போகாதவன் எல்லாரும் உள்ளே வந்து அதன் குமிழைத் திருகினார்கள். பின்னால் இருக்கிற ஓட்டைகளில் ஒயரைச் செருகிச் செருகிப் பிடுங்கினார்கள். வாங்குகிறவன் மட்டும் வரவில்லை.

டிஸ்பிளே பீஸை டிஸ்பிளே பீஸ் என்று சொல்லித்தான் விற்க வேண்டும். ஊரார் விஷயத்தில் நானும் அப்படித்தான் விற்பேன். நல்லவன் என்பதால் அல்ல, ஊரார் கேட்பார்கள் என்பதால். "சீல் உடைச்சிருக்கே?" என்பார்கள். "தயாரிச்ச தேதி எங்கே?" என்பார்கள். பெட்டியைக் குப்புறப் போட்டு அடிவயிற்றைப் பார்ப்பார்கள். கேட்கிறவனிடம் ஏமாற்றுவதற்குத் தனி உழைப்பு வேண்டும். எனக்கு அத்தனை சுறுசுறுப்பு கிடையாது.

அத்தான் கேட்கவில்லை. அதுதான் வினை.

அத்தானுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, வேலை வெளியூரில். ஆறு மாதம் அங்கே கம்பெனி கொடுத்த அறையில், ஒரு மாதம் இங்கே. அறையில் ஒரு கேம் பெட்டி வைத்திருக்கிறார். வீட்டில் மகளிடம் அதே மாதிரி ஒன்று. ஷிஃப்ட் ஒத்துவரும் நாட்களில் அப்பாவும் மகளும் அவரவர் டிவி முன்னால் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தில் சேர்ந்து சுடுவார்கள், பேசிக்கொள்வார்கள். இது போக வீட்டில் பழைய கேம் பெட்டி ஒன்று உண்டு. அது அக்காவுக்கு. மத்தியானச் சமையல் முடிந்ததும் அரை மணி நேரம் கார் ரேஸ் ஓட்டாவிட்டால் அவளுக்குச் சாப்பாடு செரிக்காது.

அத்தான் போனில் சொன்னது இவ்வளவுதான்: "மச்சான், ஒரு நல்ல செட்டா பாத்து வீட்டுக்கு அனுப்பிவிடு. கேம் பெட்டி ரெண்டும், செட்டாப் பாக்ஸும் அதுல மாட்டணும்."

"எந்த மாடல் அத்தான்?"

"நீ குடுக்கறதுதான் மாடல்."

அப்பா நடத்திய எண்ணெய்க்கடை, துணிக்கடை, பாத்திரக்கடை என்று பேரத்துக்கு நடுவிலேயே தவழ்ந்து வளர்ந்தவன் நான். இப்படி ஒரு பதில் காதில் விழுந்தால் கை தானாகவே மூலையில் கிடக்கும் சரக்கின் பக்கம் நீளும். நான் அனுப்பவில்லை, கை அனுப்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துணியால் துடைத்து, புது அட்டைப்பெட்டியில் அடைத்து, டேப் ஒட்டி, வெள்ளிக்கிழமையே வண்டியில் ஏற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொடுக்க நானே போனேன். மெக்கானிக்கை அனுப்பியிருக்கலாம். ஆனால் அவனுக்கு வாய் நிற்காது. "அட, இது நம்ம வாசல் பீஸாச்சே!" என்று முதல் வார்த்தையே அதுவாகத்தான் இருக்கும்.

அக்கா வீடு மூன்றாவது மாடி. கூடத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் ஏற்கெனவே பிரித்து அடுக்கியிருந்தாள்.

"நான் வர்றதுக்குள்ள பிரிச்சுட்டியா?"

"இவ விட்டாத்தானே. வெள்ளிக்கிழமை பெட்டி வந்த உடனே பிரிக்கச் சொல்லி ஒரே நச்சரிப்பு."

மருமகளுக்கு, அக்கா மகளுக்கு, பதினான்கு வயது. சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து தன் கேம் பெட்டியை ஆன் செய்துகொண்டிருந்தாள். அது இன்னும் நேராக டிவியில்தான் மாட்டியிருந்தது. "மாமா, அப்பா நாலு மணிக்கு வருவாரு. அதுக்குள்ள முடிஞ்சிருமா?"

"நாலு மணிக்கு இந்தக் கூடமே அதிரும் பாரு."

"போன தடவை ஃபேன் மாட்டறப்பவும் இதத்தான் சொன்னீங்க. அதிரத்தான் செஞ்சுது."

"வாய் பாரு இவளுக்கு!" என்றாள் அக்கா. "எழுந்து போய் ஒயர் கட்டற பட்டை வாங்கிட்டு வா. கீழ் கடையில இருக்கும்."

அவள் திரையில் எதையோ இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கன்ட்ரோலரை சோபாவில் போட்டுவிட்டு ஓடினாள். அக்கா துணி மடிக்கப் படுக்கையறைக்குப் போனாள். நான் டிவியின் சத்தத்தை வெளி ஸ்பீக்கருக்கு என்று மாற்றிவைத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் மண்டியிட்டேன். இனி ஆம்ப்ளிஃபயர் பக்கம் சரியாகும்வரை கூடத்தில் ஒரு சத்தமும் வராது.

மூன்று ஓட்டை, மூன்று ஒயர். ஒன்றில் அக்காவின் பழைய கேம் பெட்டி. படம் வந்தது. மூன்றாவதும் சரி. இரண்டாவதில் எதைச் செருகினாலும் திரை கருப்பு. ஊதிப் பார்த்தேன், திருப்பிச் செருகினேன், ஒயரை மாற்றினேன். செத்த ஓட்டை. இரண்டு வருஷம் ஊரே செருகிப் பிடுங்கினால் இரும்பும் செத்துப்போகும்.

இப்போது மூன்று பொருளுக்கு இரண்டு ஓட்டை. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அலமாரிக்குள் தலை இருந்ததால் குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது.

"அண்ணே, அந்த வாசல் டிஸ்பிளே பீஸ், அக்கா வீட்டுக்குத் தள்ளினேனே, அதுல ரெண்டாவது போர்ட்டு அவுட்டு. ஒரு போர்ட்ட ரெண்டாக்கற பழைய ஸ்விட்ச் பாக்ஸ் ஏதாவது கிடக்குதா பாருங்க."

அவர் ஏதோ சொன்னார்.

"மாத்தறதா? புது பீஸா? எதுக்கு? இங்க யாருக்குத் தெரியப்போகுது? அத்தான் ரிமோட்டையே தலைகீழாப் பிடிக்கிற ஆளு. நாளைக்கு வெறும் அட்டைப்பெட்டிய அனுப்பி இதுதான் புது மாடல்னு சொன்னாலும், மச்சான் சொன்னா சரின்னு காதை வச்சுக் கேட்டுட்டு உக்காந்திருப்பாரு. கேக்கற ஆளா இருந்தா நான் குடுப்பேனா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நல்ல கனமான சிரிப்பு.

போனை வைத்துவிட்டுத் தலையை வெளியே எடுத்து, டிவியை மறுபடி மருமகளின் கேம் பெட்டிக்குத் திருப்பியபோது, திரையின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டத்தில் அத்தான் படம் தெரிந்தது. அதைச் சுற்றி ஒரு பச்சைக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஏதோ அலங்காரம் என்று நினைத்தேன். கேம் பெட்டி நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன். ஒன்றையாவது உட்கார்ந்து விளையாடியதில்லை. அந்தக் கன்ட்ரோலருக்குள்ளேயே ஒரு மைக் இருப்பது, 'பேசலாம், விளையாடலாம்' என்று நானே வாடிக்கையாளரிடம் சொல்லி விற்ற விஷயம்தான். சொல்லத் தெரிந்தது. சோபாவில் கிடந்தபோது நினைவுக்கு வரவில்லை.

டிவியின் மெனுவுக்குள் போனேன். டிவியிலிருந்து சத்தத்தை, ஆம்ப்ளிஃபயரிலிருந்து டிவிக்குப் படம் போகும் அதே ஒயர் வழியாக, ஆம்ப்ளிஃபயருக்குத் திருப்பி அனுப்பும் வசதியைத் தேடிப் பிடித்து ஆன் செய்தேன்.

ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரு இருமல் கேட்டது.

அடுத்து அத்தானின் குரல் வந்தது. முன்னாலிருந்தும் வந்தது, முதுகுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. வாசலில் இரண்டு வருஷம் பாடியபோதுகூட அந்த செட் இத்தனை துல்லியமாகப் பேசியதில்லை.

"மச்சான், இப்பவாவது கேக்குதா? அரை மணி நேரமா ஹலோ ஹலோன்னு கத்திட்டிருக்கேன்."

அரை மணி நேரம் என்ற வார்த்தையை மனசுக்குள் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது.

"அத்தான்..."

"ஸ்விட்ச் பாக்ஸ் எல்லாம் வேண்டாம்," என்றார். கோபமே இல்லை குரலில். இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். "கேம் பெட்டி ரெண்டையும் ஒண்ணு, மூணுல போட்டுரு. செட்டாப் பாக்ஸை நேரா டிவியிலயே குத்து. இப்ப ஆன் பண்ணியே, அது வழியா அதோட சத்தமும் வந்துரும். மூணும் ஓடும்."

சரியான வழி. எனக்குத் தோன்றியிருக்க வேண்டிய வழி. இருபது வருஷமாக இதே தொழில்.

"அப்புறம் மச்சான், ரிமோட்டை நேராத்தான் பிடிச்சிருக்கேன். கவலைப்படாத."

அந்த நேரம் பார்த்து அக்கா மடித்த துணியோடு வந்தாள். "யாரு, அவரா? என்னங்க, நாலு மணிதானே சொன்னீங்க?"

"ஷிஃப்ட் முன்னாடியே விட்டுட்டான். மச்சானுக்கு ஒயர் சொல்லிட்டிருந்தேன். நல்ல செட்டுப்பா. பாத்து எடுத்துக் குடுத்திருக்கான்."

"என் தம்பி பின்ன எப்படிக் குடுப்பான்?" என்றாள் அக்கா, என் முகத்தைப் பார்க்காமல்.

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவர் கதவைத் திறந்துவைத்துவிட்டார். நான் நழுவ வேண்டியதுதான் பாக்கி. ஆனால் யாரைப் பற்றிச் சிரித்தேனோ அந்த மனிதரே ஐந்து ஸ்பீக்கரிலும் என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். திட்டை வாங்கிப் பழகிய உடம்பு இது. அந்தப் புகழ்ச்சியை அதனால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"அக்கா, இது புதுசு இல்ல," என்றேன். "கடை வாசல்ல ஓடிட்டிருந்த பீஸ். ஒரு போர்ட்டு செத்துருச்சு. அத்தானுக்குத் தெரியும். நான் போன்ல பேசுனதக் கேட்டுட்டாரு."

அக்கா துணியை சோபாவில் வைத்தாள். திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துப் பேசினாள்.

"உங்களுக்குத் தெரியுமா? எப்ப?"

"இப்பத்தான். நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்ன."

"எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும்."

ஸ்பீக்கரில் அத்தான் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பெட்டிக்கு அடியில இருக்கற நாலு ரப்பர் காலும் தேஞ்சு கிடக்கு," என்றாள் அக்கா. "ரிமோட்டுல வால்யூம் எழுத்தே இல்ல. விலைச்சீட்டு ஒட்டியிருந்த பிசுக்கு மேலயே இருந்துச்சு. எண்ணெய் வச்சுத் தேச்சு எடுத்தேன். நானும் அதே அப்பா கடையில வளந்தவதானே?"

"சொல்லியிருக்கலாமே," என்றார் அத்தான்.

"எப்படிச் சொல்றது? எங்க வீட்டு ஆளுங்க இப்படின்னு நானே என் வாயால சொல்லவா?"

"நான் அதுக்குத்தான் நல்ல செட்டுன்னேன். நீ சங்கடப்படுவேன்னு."

என்னை நடுவில் நிறுத்திவைத்துவிட்டு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்ததை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாள் இவள் எண்ணெய் வைத்துத் தேய்த்திருக்கிறாள், கணவன் கண்ணில் தம்பி தாழ்ந்துவிடக் கூடாது என்று. நான் துடைத்தது ஈரத்துணியால் ஒரு முறை.

கதவைத் திறந்துகொண்டு மருமகள் வந்தாள், கையில் பட்டைக் கட்டு. கூடத்தில் நிற்கிறவர்களை வரிசையாகப் பார்த்தாள். பிறகு கன்ட்ரோலரை எடுத்துப் பார்த்தாள். "அய்யோ, மைக் ஆன்லயே இருந்திருக்கு." அப்புறம் மெதுவாக, "என்ன ஆச்சு மாமா?"

நான் அக்கா பக்கம் திரும்பினேன்.

"இப்பவே கழட்டிடறேன்க்கா. நாளைக்குக் காலைல புது பீஸோட வரேன்."

"கழட்டாத," என்றாள் அக்கா. "அடுத்த ஷிஃப்டுக்கு முன்னாடி அவருக்கு இன்னைக்கு ரெண்டு மணி நேரம்தான் கிடைக்கும். இவ வாரம் பூரா காத்துட்டிருக்கா. வேலைய முடி."

மறுபடி மண்டியிட்டேன். அத்தான் அங்கிருந்து சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஒயராக மாட்டினேன். "இடதுபக்க ஸ்பீக்கர் கொஞ்சம் அமுங்கிக் கேக்குது மச்சான், ஒயர் மாறியிருக்கும் பாரு." மாறித்தான் இருந்தது. அக்கா கறுப்புப் பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். வாங்கும்போது நான் கையைத்தான் பார்த்தேன். அலமாரிக்குப் பின்னால் ஒரு முழ அகலம்தான் இடம். அன்றைக்கு அதைவிட்டு வெளியே வர மனசில்லை.

மூன்றும் ஓடின. ஆட்டம் தொடங்கியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பின்னால் யாரோ ஓடிவருகிற காலடி பின்னால்தான் கேட்டது. "அப்பா, வலது பக்கம்! வலது பக்கம்!" என்று மருமகள் கத்தினாள். அத்தான் சிரித்தார். நல்ல செட்தான். அதில் பொய்யில்லை.

ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பையில் போட்டேன். "டீ போடட்டுமா?" என்று அக்கா கேட்கவில்லை. வாசல்வரை வந்தாள். நான் செருப்பை மாட்டும்போது சொன்னாள்:

"நாளைக்குப் புதுசு கொண்டு வர்றப்ப பில் போட்டுக் கொண்டு வா."

"பில் எதுக்குக்கா? நீ..."

"இருக்கட்டும். பில் இருந்தா ஒரு பேச்சு இருக்காது."

மூன்று மாடியும் இறங்கினேன். எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் இதுவரை பில் போட்டதில்லை. பில் வெளியாட்களுக்கு.

மறுநாள் காலை கிடங்கிலிருந்து புதுப் பெட்டி ஒன்றை, சீல் உடையாததை, நானே தூக்கிவந்து கல்லாவில் வைத்தேன். பில் போடும் பெண் கம்ப்யூட்டர் முன்னால் விரல்களை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கஸ்டமர் பேரு சார்?"

அக்காவின் முழுப் பெயரையும் சொன்னேன். கடைக்குள் அந்தப் பெயரை நான் உச்சரித்தது அதுதான் முதல் தடவை. அவள் தட்டச்சு செய்தாள்.

"நம்ம பழைய கஸ்டமரா சார், புதுசா?"

"புதுசு," என்றேன்.