தொட்டிக்குள் சிவப்பு முள்

காலையிலிருந்தே அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தம்பியின் தூண்டில் முள் பட்டறையில், முள்ளுக்குச் சிவப்புச் சாயம் பூசுவது அவள் வேலை. புருஷன் விட்டுப் போன பிறகு தானே கேட்டு வாங்கிய வேலை. தம்பி தயவில் தண்டச்சோறு தின்கிறாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது, அவ்வளவுதான் அவளுக்கு.

விடிந்ததும் முள் வாங்க வந்த படகுக்காரர் ஒருவர்தான் வத்தி வைத்துவிட்டுப் போனார். ஆழம் போகப் போகத் தண்ணீர் சிவப்பைத்தான் முதலில் விழுங்குமாம். அடியில் சிவப்பு முள்ளும் கறுப்பாகத்தான் தெரியுமாம். பூசினாலும் ஒன்று, பூசாவிட்டாலும் ஒன்று. சொன்ன மனுஷன் நிம்மதியாகப் போய்விட்டார். வெட்டி வேலை என்று ஆனது இவள் வேலை அல்லவா!

பேச்சு எதற்கு, பார்த்தே விடலாம் என்றான் தம்பி. முன்னறையில் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டிக்குள் முனை மழுக்கிய மூன்று முள்ளை நூலில் கட்டி இறக்கினான்: சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, சாயமே இல்லாதது ஒன்று. எதிலும் இரை இல்லை. பட்டறையே வேலையைப் போட்டுவிட்டு வந்து சூழ்ந்துகொண்டது. மீனுக்கெல்லாம் ஓட்டுரிமை வந்துவிட்டது என்று பொட்டலம் கட்டுகிற பெண் கிண்டலடித்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரஷ்ஷை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

மீன்கள் கொஞ்ச நேரம் வீம்பு பிடித்தன. பிறகு ஒன்று விடாமல் சிவப்பு முள்ளையே போய் மொய்த்தன. சிவப்புதான் ஜெயித்தது என்று தம்பி கைதட்ட, எல்லோரும் கலைந்தார்கள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வந்த உயிர் சாப்பாட்டு வேளை வரைதான் தங்கியது. வழக்கம்போல மிச்சத்தை உதிர்த்துப் போடத் தொட்டிக்குப் போனாள். கையை நீட்டியதுதான் தாமதம், ஒரு பருக்கைகூட விழவில்லை, அத்தனையும் மேலே பாய்ந்து வந்தன. அவள் தன் விரல்களைப் பார்த்தாள். எத்தனை தேய்த்தாலும் போகாத சாயம், நகக்கண் வரை சிவப்பு. தினமும் இந்த விரல்தான் அவற்றுக்குச் சோறு போடுகிறது. அடப் பாவமே, அதுகள் முள்ளைத் தேடியா வந்தன!

சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? தொட்டிக்கும் கதவுக்குமாக நடந்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. நேரே தம்பியிடம் போய் நின்றாள்.

"அதுங்க முள்ளப் பாத்து வரலடா. என் கைன்னு நெனச்சு வந்திருக்கு."

தம்பி நிமிரவில்லை. "தெரியும்க்கா" என்றான்.

"தெரியுமா?"

"நீ தினமும் போடறதப் பாத்துட்டுதானே இருக்கேன். அதான் அந்தத் தொட்டியில விட்டேன்."

முகத்தில் அறைந்தது போலிருந்தது அவளுக்கு. பாசம்தான், புரியாமல் இல்லை. ஆனால் நாலு பேரைக் கூட்டி, மீனைச் சாட்சிக்கு நிறுத்தி, அவளுக்குப் போட்ட பிச்சையாகத்தானே அது ஆனது.

"முனை தீட்ட ஆள் இல்லன்னு பொலம்பிட்டு இருந்தியே, அங்க உக்காந்துக்கறேன்."

"வேணாம்க்கா. பொறி பறக்கும், கையக் கிழிச்சிடும். நீ இங்கயே இரு. யாரு என்ன சொல்லப் போறா?"

"நான் சொல்லுவேனே" என்றாள் அக்கா.

சாயக் கிண்ணத்தை மூடி ஓரமாக வைத்துவிட்டு, சாணைக்கல்லுக்கு முன்னால் கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.